பால் ஒத்துக்கொள்ளவில்லையா? முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குடிநீர் லாரி என்றுதான் பேசுவோம். இந்த முறை செயலாளர் என்னைக் குழந்தைகள் விஷயமாகப் பேசச் சொன்னார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு தவறை இங்கே சிலரிடம் சொல்லியிருந்தேன். "அதை எல்லோருக்கும் சொல்லுங்க சார், பேரப்பிள்ளைகளை வளர்க்கிறவங்க நம்ம தெருவில் நிறைய பேர்" என்றார்கள். அதனால்தான் நிற்கிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை யாருக்கும் மறந்திருக்காது. தெருவில் முழங்கால் தண்ணீர். எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. பால் பாக்கெட்டுக்கும் குடிநீருக்கும் அலைந்தோம். தண்ணீர் வடிந்த அடுத்த வாரம் என் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. அப்போது அவளுக்கு 1 வயது 4 மாதம். ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம், ஐந்தாம் நாள் நின்றுவிட்டது. சரி, முடிந்தது என்று பழையபடி மூன்று வேளையும் பால் கொடுக்க ஆரம்பித்தோம்.

அங்கேதான் தொடங்கியது. பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பும், கடமுடா என்று சத்தம் போடும். பிறகு தண்ணீராக, நுரையோடு, புளித்த வாடையோடு போகும். ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து புண்ணாகி, கழுவினாலே வீறிட்டு அழுவாள்.

நாங்கள் என்ன செய்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரம்மா, "பல் முளைக்குதுங்க, அப்படித்தான் போகும்" என்றார். நான், பால் கனமாக இருக்கிறது என்று முடிவுகட்டி பச்சை பாக்கெட்டை விட்டு நீல பாக்கெட் வாங்கினேன். கேட்கவில்லை. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தோம். கேட்கவில்லை. ஒருவர் ஆட்டுப்பால் நல்லது என்றார், ஒரு வாரம் அதற்கு அலைந்தேன். கடைசியில், "எனக்கும் பால் ஒத்துக்காது, என் அப்பாவுக்கும் ஒத்துக்காது, இது நம்ம பரம்பரை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மருமகள் மட்டும், "மாமா, ஒரு வாட்டி டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்றாள். "இதுக்கெல்லாமா டாக்டர்?" என்றவன் நான்தான்.

பாலை நிறுத்தியதும் வயிற்றுப்போக்கு நின்றது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு மாதம் அரிசிக் கஞ்சியும் பிஸ்கட்டுமாகப் போனது. பிப்ரவரி கடைசியில் பால்வாடியில் எடை பார்த்தார்கள். பால்வாடி டீச்சர் தாய் சேய் அட்டையில் இருந்த கோட்டைக் காட்டி, "சார், நவம்பர்ல 9 கிலோ 800. இப்ப 9 கிலோ 200. ஏற வேண்டிய கோடு இறங்குது பாருங்க" என்றார்.

அன்று மாலையே டாக்டரிடம் ஓடினோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேள்விதான் கேட்டார். எந்தத் தேதியில் ஆரம்பித்தது? ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? குடித்து எவ்வளவு நேரத்தில் போனது? கொஞ்சமாகக் கொடுத்தால் தாங்கினாளா? தயிர் கொடுத்தபோதும் இப்படித்தானா? பிஸ்கட் சாப்பிட்டபோது? ரத்தமோ சளியோ இருந்ததா? உடம்பில் தடிப்பு வந்ததா?

ஒன்றுக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆளுக்கொரு பதில் சொன்னோம். வேலையில் இருந்தபோது சாயங்காலம் கணக்கில் 10 ரூபாய் உதைத்தால்கூட வவுச்சர் வவுச்சராகப் புரட்டாமல் வீட்டுக்குப் போக மாட்டேன். என் பேத்தி விஷயத்தில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. வித்தியாசம் வந்ததும் அதை "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. அதற்குள் வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. எது என்று பிரித்துப் பார்க்க டாக்டருக்கு உதவுவது வீட்டில் இருப்பவர்கள் எழுதி வைக்கும் குறிப்புதான்.

முதல் வகை: பால் சர்க்கரை செரிக்காதது

பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம். தாய்ப்பாலில் இன்னும் அதிகம், 7 கிராம் அளவுக்கு. இதை உடைத்துச் செரிக்க வைக்கும் நொதிக்கு லாக்டேஸ் என்று பெயர். சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில்தான் இந்த நொதி இருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் அடிபடுவது அந்த நுனிகள்தான். நொதி குறைந்தால் லாக்டோஸ் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. வாயு, உப்புசம், நுரைத்த மலம், புளித்த வாடை, தோல் புண் எல்லாம் அதனால்தான் வருகின்றன.

என் பேத்திக்கு வந்தது இது. நல்ல செய்தி, இது தற்காலிகமானது. குடல் ஆற ஆற, பெரும்பாலும் சில வாரங்களில் நொதி திரும்பிவிடும். நாங்கள் பாலை நிறுத்திய இரண்டு மாதத்தில், குடல் எப்போதோ ஆறியிருக்கும் என்றார் டாக்டர்.

அப்படியானால் என் "பரம்பரை" வாதம்? அது பாதி உண்மை. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் டெல்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி மக்களைச் சோதித்தார்கள். தென்னிந்தியரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை. டெல்லியில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல்தான். ஆக, நம்மில் பலருக்கு ஒரு பெரிய டம்ளர் பால் குடித்தால் வயிறு உப்புவது உண்மைதான். ஆனால் அந்தப் பரம்பரைக் குறைவு சின்ன வயது கழிந்த பிறகு மெல்ல மெல்லத் தலைகாட்டுவது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அதைக் காரணமாகச் சொல்வது பொதுவாகப் பொருந்தாது. தாத்தா வயிற்றை வைத்துப் பேத்தி வயிற்றைக் கணக்குப் போடக்கூடாது.

இரண்டாம் வகை: பால் புரத ஒவ்வாமை

இது வேறு. இங்கே பிரச்சினை சர்க்கரை அல்ல, பாலில் உள்ள புரதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்தப் புரதத்தை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. பெரும்பாலும் முதல் வயதிலேயே, பசும்பாலோ பால் மாவோ கொடுக்கத் தொடங்கியதும் தெரிய ஆரம்பிக்கும்.

இதில் இரண்டு விதம். ஒன்று உடனே வருவது. சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு, கண் வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு. திருவொற்றியூரில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் ஒரு குழந்தைக்கு முதல் பிறந்த நாளன்று ஒரு ஸ்பூன் பால் பாயசம் ஊட்டினார்கள். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிட்டது. "கண் திருஷ்டி" என்று சுற்றிப் போட ஆள் தேடினார்கள். நல்லவேளை, குழந்தையின் அத்தை தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இன்னொன்று தாமதமாக, மணிக்கணக்கிலோ ஓரிரு நாள் கழித்தோ வருவது. மலத்தில் ரத்தம் அல்லது சளி, தொடர் வாந்தி, ஓயாத வயிற்றுப்போக்கு, சில குழந்தைகளுக்கு மாறாக மலச்சிக்கல், தோலில் ஆறாத கரப்பான், எடை ஏறாமை. நம் பகுதியில் குழந்தைக்கு இரைப்பு வந்தால் கம்பெனிப் புகை, லாரித் தூசி என்றுதான் முதலில் சொல்வோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பால் குடித்தவுடனே இரைப்பு வந்தால், அதை டாக்டரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஒவ்வாமையும் பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 முதல் 5 வயதுக்குள், சிலருக்கு இன்னும் சற்றுத் தாமதமாக, விலகிவிடுகிறது. அதுவரை பால் புரதத்தை முழுக்க விலக்க வேண்டும். மறுபடி எப்போது தொடங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வகை: பால் அளவுக்கு மீறியது

சில வீடுகளில் குழந்தை சோறு தின்னவில்லை என்று நாளுக்கு ஒரு லிட்டர் பால் கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்துவிடுவதால் சோறு, பருப்பு, கீரை, முட்டை எதுவும் உள்ளே போகாது. பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. குழந்தை வெளுத்துப்போகும், மலச்சிக்கல் வரும், எரிச்சலாகவே இருக்கும். இது ஒவ்வாமை இல்லை. ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 400, அதிகம் போனால் 500 மில்லி போதும்.

நாம் செய்யும் சில்லறைத் தவறுகள்

பாக்கெட் நிறத்தை மாற்றுவது. ஆவின் பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், நீலத்தில் 3, ஆரஞ்சில் 6. மாறுவது முக்கியமாகக் கொழுப்புதான். கொழுப்பில்லாத மற்ற சத்து பச்சை, நீலம் இரண்டிலும் 8.5 சதவீதம், ஆரஞ்சில் 9. லாக்டோஸும் புரதமும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே பச்சையை விட்டு நீலத்துக்குப் போன என் சாமர்த்தியத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

தண்ணீர் கலப்பது. குழந்தைக்குச் சேர வேண்டிய சத்துதான் பாதியாகும். அந்தத் தண்ணீர் சுத்தமில்லை என்றால் மறுபடி வயிற்றுப்போக்கு.

காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது. காய்ச்சுவதால் கிருமி சாகும், லாக்டோஸ் போகாது.

ஆட்டுப்பால், எருமைப்பால். இவற்றிலும் லாக்டோஸ் உண்டு. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. ஏ2 பால் என்று விலை கூட்டி விற்பதிலும் இதே கதைதான்.

தாய்ப்பாலை நிறுத்துவது. இது எல்லாவற்றிலும் பெரிய தவறு. வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பால்தான் முதல் மருந்து. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

நாமாகப் பால் மாவு டின் வாங்குவது. குழந்தைகளுக்கான பால் மாவையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992லேயே சட்டம் வந்து, 2003இல் திருத்தமும் ஆகியிருக்கிறது. லாக்டோஸ் இல்லாத மாவு முதல் வகைக்கு மட்டும்தான். அதில் பால் புரதம் இருந்தால் ஒவ்வாமைக் குழந்தைக்கு ஆபத்து. கடைக்காரர் சொல்லி வாங்குகிற சரக்கு அல்ல அது.

நோட்டு போடுவது எப்படி?

20 ரூபாய் நோட்டு போதும். ஐந்து கட்டம் போடுங்கள். தேதியும் நேரமும். என்ன கொடுத்தோம், எத்தனை மில்லி. எவ்வளவு நேரம் கழித்து என்ன நடந்தது. மலம் எத்தனை முறை, தண்ணீரா, நுரையா, ரத்தமா, சளியா. கடைசிக் கட்டத்தில் மற்றவை: காய்ச்சல், மருந்து, புது உணவு, குடிநீர் எங்கிருந்து வந்தது. தடிப்பு வந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை.

யார் ஊட்டினாலும் அவர்களே எழுத வேண்டும். பாட்டி கொடுத்த பிஸ்கட், மாமா வாங்கித் தந்த ஐஸ்கிரீம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பால்கோவா, எதுவும் விடுபடக்கூடாது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். பால் இருந்தால் ஒவ்வாமைக் குறிப்பில் சொல்லியாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நாங்கள் பாலை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு கொடுத்த பிஸ்கட்டிலேயே பால் பொருள் இருந்தது. அதைப் படித்துக் காட்டியது டாக்டர். "பிஸ்கட்டில் இருக்கிற பால் புரதம் இவளை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வாமை இல்லை என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம்" என்றார். இரண்டு மாதமாக விடை எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

ஒரு வாரம் எழுதினாலே ஒரு போக்கு தெரியும். கொஞ்சமாகக் கொடுத்தால் தாங்குகிறது, அதிகம் கொடுத்தால்தான் போகிறது, தயிர் ஒத்துக்கொள்கிறது, சமீபத்தில் வயிற்றுப்போக்கு வந்திருந்தது என்றால் பெரும்பாலும் முதல் வகை. ஒரு ஸ்பூன் பாலுக்கே தடிப்பு, தயிர், பன்னீர், நெய் வடியும் பால் இனிப்பு எதற்கும் அதே தொல்லை என்றால் இரண்டாவது வகையைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சந்தேகம் நம்முடையது, முடிவு டாக்டருடையது. அவர் சில வாரம் நிறுத்திப் பார்த்து, பிறகு மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்வார். உடனடித் தடிப்போ மூச்சிரைப்போ ஒரு முறை வந்த குழந்தைக்கு அந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

நோட்டு எழுதக் காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு. பால் குடித்ததும் முகம் வீங்கினால், மூச்சு இரைத்தால், குழந்தை துவண்டால் 108க்கு அழையுங்கள். மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. நமக்கு ஸ்டான்லி பக்கத்தில் இருக்கிறது, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் தூரமில்லை. வயிற்றுப்போக்கு 14 நாளைத் தாண்டினால், எடை இறங்கினால், தள்ளிப்போடவே கூடாது.

நிறுத்தினால் ஈடு கட்ட வேண்டும்

இங்கேதான் என் பேத்தி எடை இழந்தாள். கணக்கைப் பாருங்கள். ஒரு நாளுக்கு 450 மில்லி பச்சை பாக்கெட் பால் என்றால் ஏறக்குறைய 300 கலோரி. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் தேவையே சுமார் 1000 கலோரி. கால்சியம் நாளுக்கு 500 மில்லிகிராம் வேண்டும். அந்த 450 மில்லி பாலிலேயே அது கிட்டத்தட்ட முழுக்க இருந்தது. இரண்டையும் பற்று எழுதிவிட்டு, வரவில் அரிசிக் கஞ்சியை மட்டும் வைத்தேன். எந்தக் கணக்கும் இப்படி நேராகாது.

பால் நிறுத்தச் சொன்னால், ஈடாக என்ன என்று அப்போதே கேளுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. குழந்தை ஒரு நாளில் அவ்வளவு சாப்பிடாது. அதனால் கேழ்வரகுக் கூழோடு முருங்கைக்கீரை, எள், பருப்பு, முட்டை என்று பங்கு போட வேண்டும். நமக்குக் காசிமேடு இருக்கிறது. முள் மசியும்படி வேகவைத்துப் பிசைந்த நெத்திலி நல்ல கால்சியம். கலோரிக்குக் கஞ்சியில் ஒரு ஸ்பூன் எண்ணெய். பால்வாடியில் தரும் சத்துமாவையும் வாங்கிக் கொடுங்கள்.

முன்கூட்டியே தடுப்பதும் நம் கையில் இருக்கிறது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் இலவசமாகப் போடுகிறார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ்ஸோடு துத்தநாக மாத்திரையை 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். போக்கு நின்றதும் நாங்கள் மாத்திரையை நிறுத்திவிட்டோம். மழைக்காலத்தில் லாரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, காய்ச்சித்தான் குழந்தைக்கு.

என் பேத்திக்கு டாக்டர் முதலில் நாளுக்கு இரண்டு ஸ்பூன் தயிர் கொடுக்கச் சொன்னார். பிறகு அரை டம்ளர் பால், சோற்றோடு சேர்த்து. ஒவ்வொன்றையும் என் மருமகள் நோட்டில் எழுதினாள். பத்தாம் நாள் முழு டம்ளர், ஒன்றும் ஆகவில்லை. ஏப்ரலில் அட்டையில் கோடு மேலே திரும்பியது. அந்த இரண்டு மாதத்தை அவளுக்கு என்னால் திருப்பித் தர முடியாது. அந்த நோட்டு மட்டும் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் சின்னக் குழந்தை இருந்தால், "நமக்குத் தெரியாததா" என்று பெரியவர்கள் நாம் முடிவு சொல்வதற்கு முன், ஒரு வாரம் எழுதுங்கள். எழுதிய நோட்டோடு டாக்டரிடம் போங்கள். பிள்ளையின் அம்மா "ஒரு வாட்டி காட்டிடலாமே" என்றால், மறு பேச்சு பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.